வயிற்றுப்புண்ணும் அடியழிப்பும்

எனக்கு வயிற்றில் புண் வந்து இரண்டு தரம் இரத்தம் போனது. இரண்டாந்தரம் வயிற்றை வெட்டத்தான் வேண்டும் என்று சொன்னார்கள். வெட்டாமல் குளிசையோடு, அதாவது மாத்திரையோடு, வீட்டுக்கு வந்தேன். அது எப்படி என்பதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆகையால் ஆஸ்பத்திரியில் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரித்தான் எழுத முடியும். நாலு பேருக்கு முன்னால் கதைக்க எனக்கு வாய் வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீடு பண்டத்தரிப்புக்குக் கிட்ட. நான் கலியாணம் செய்யவில்லை. தம்பி மகாலிங்கத்தோடு இருக்கிறேன். அவன் வெங்காயத் தோட்டம் செய்கிறவன். அவனுடைய மனைவி பரமேஸ்வரியும் நானும் ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். அவர்களுக்கு ஒரே மகள் சுகந்தி. அவளுடைய புருஷன் கரவெட்டியில் வாத்தியார். வெள்ளிக்கிழமை பின்னேரம் சைக்கிளில் வந்து திங்கட்கிழமை விடியப் போவார். சண்டையால் கரண்ட் இல்லாத வருஷங்கள் அவை. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் மருந்தும் கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

சுகந்திக்கு இரண்டு தரம் பிள்ளை தங்கி, இரண்டு தரமும் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இரண்டாவது கலைந்த அன்று அவளுடைய துணிகளைக் கிணற்றடியில் அலசினவள் நான். தண்ணீர் தெளிவாக வர நெடுநேரம் எடுத்தது. அப்படியே நின்று எங்கள் ஊர் அம்மனுக்கு நேர்ந்தேன். மூன்று வருஷத் திருவிழாவும், பத்து நாளும், ஒரு நேரம் சாப்பிட்டு அடியழிக்கிறேன், இவளுக்கு ஒரு பிள்ளையைத் தா என்று.

அடியழிப்பு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுவாமி வெளிவீதி வரும்போது ஆண்கள் பின்னால் உருண்டு பிரதட்டை செய்வார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் நாங்கள் முழங்காலில் இருந்து, நெற்றி நிலத்தில் பட விழுந்து கும்பிட்டு, எழும்பி, ஓரடி வைத்து, திரும்பவும் விழுவோம். வீதி சுற்றி வந்து முடியுமட்டும் அதுதான். நாங்கள் செய்வதை எல்லாரும் பார்ப்பார்கள். எதற்கென்று யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. நேர்த்தி நிறைவேறும் வரைக்கும் அதை வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது என்பது எங்கள் வழக்கம்.

முதல் வருஷம் எனக்கு அறுபத்துமூன்று வயது. மூன்றாம் திருவிழா அன்று விழுந்த இடத்திலிருந்து எழும்ப முடியவில்லை. பக்கத்தில் வந்த ஒரு பெண் கைபிடித்துத் தூக்கினாள். முழங்கால் இரண்டும் பனங்காய் மாதிரி வீங்கிவிட்டன. சந்திக் கடையில் தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் சின்ன வெள்ளைக் குளிசை விற்பார்கள். அதில் ஒரு பொட்டலம் வாங்கினேன். விடிய இரண்டு, மத்தியானம் பூசைக்கு முன் இரண்டு, வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினேன். முழங்கால் நோ அடங்கியது. பத்து நாளையும் முடித்தேன். திருவிழா முடிந்த பிறகும் முழங்கால் பழையபடி வரவில்லை. ஆகவே குளிசையையும் விடவில்லை.

புரட்டாதி மாதமளவில் நெஞ்சுக்குழிக்குக் கீழே எரியத் தொடங்கியது. அடுப்பில் தணல் கிடக்கிற மாதிரி ஓரிடத்தில் நின்று எரியும். ஒரு வாழைப்பழம் சாப்பிட்டால் அடங்கும். இரண்டு மணித்தியாலத்தில் திரும்ப வரும். புளித்த ஏப்பம் வரும், படுத்தால் தொண்டை வரைக்கும் புளிக்கும். இஞ்சியும் சீரகமும் அவித்துக் குடித்தேன். அப்பச்சோடா கரைத்துக் குடித்தேன். யாருக்கும் சொல்லவில்லை. கார்த்திகையில் வெளிக்குப் போவது கறுப்பாக மாறியது. றோட்டுக்கு ஊற்றுகிற தார் மாதிரி, பிசுபிசுவென்று, ஒரு கெட்ட மணத்தோடு. நாலு நாள் பார்த்தேன். இதை யாரிடம் போய் எப்படிச் சொல்வது? ஐந்தாம் நாள் கிணற்றடியில் வாளியைப் பிடித்தது தெரியும். பிறகு கண் விழித்தபோது பரமேஸ்வரியின் மடியில் தலை கிடந்தது.

தம்பி என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் இருக்கத் தன் சால்வையால் என்னைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, மானிப்பாய் மட்டும் உழக்கினான். அங்கிருந்து ஒரு வான் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனது. வயதான காலத்தில் தம்பியோடு கட்டுண்டு றோட்டால் போகிறேனே, சனம் பார்க்குமே என்பதுதான் எனக்கு அப்போது பெரிய யோசனை. உயிரைப் பற்றி யோசித்ததாக ஞாபகம் இல்லை.

டொக்டர் சின்னப் பெடியன் மாதிரி இருந்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அது வெளிறியிருந்தால் இரத்தம் குறைவு என்று அர்த்தம்.

"என்னம்மா செய்யுது?"

நான் நிலத்தைப் பார்த்தேன். தம்பி சொன்னான்: "விழுந்திட்டா டொக்டர். வேறை ஒண்டும் சொல்லுறா இல்லை."

"வயித்துக்கை எரியுதோ? ... ஓமோ? தலையையாவது ஆட்டுங்கோ. சரி. வெளிக்கு எப்பிடிப் போகுது? கறுப்பாப் போகுதோ?"

தம்பி பக்கத்தில் நின்றான். டொக்டர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தம்பியை வெளியே போய் நிற்கச் சொன்னார். தானும் போய், வயதான ஒரு மிஸ்ஸியை அனுப்பினார். நேர்ஸ்மாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். அவ திரைச்சீலையை இழுத்துவிட்டு மெதுவாகக் கேட்டா. தார் மாதிரி என்று சொன்னேன். எழுதிக்கொண்டா.

"கால் நோ, தலையிடி எண்டு கடையிலை குளிசை ஏதும் வாங்கிப் போடுறனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

அந்த ஒரு சொல்லுத்தான் நான் செய்த பிழை. போடுகிறேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். முழங்கால் என்றால் இனி விழுந்து கும்பிடக்கூடாது என்பார்கள். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதனால் இல்லை என்றேன்.

தம்பியின் இரத்தம் ஒரு போத்தல் எனக்கு ஏற்றினார்கள். எக்ஸ்றே படம் எடுக்க நாலு நாள் காத்திருந்தேன். ஜெனரேற்றர் ஓடுகிற நாளில்தான் படம் எடுக்கலாம். அன்று விடியத் தண்ணீரும் தராமல், கோலமாக் கரைத்தது போல ஒரு வெள்ளைத் தண்ணீரைக் குடிக்கத் தந்து, கறுத்த பலகைக்கு முன்னால் நிற்கவைத்தார்கள். அந்த வெள்ளை வயிற்றுக்குள் எங்கே போய்ப் பள்ளத்தில் தங்குகிறதோ அங்கே புண். என் வயிறு முடிகிற இடத்தில் ஒரு கொத்தமல்லி அளவுக்குத் தங்கியது என்று சொன்னார்கள்.

மிஸ்ஸி இப்படி விளங்கப்படுத்தினா: "சாப்பாட்டைக் கரைக்க வயித்துக்கை புளித்தண்ணி ஊறும். அமிலம் எண்டு சொல்லுறது. செப்புக்குடத்தைப் பழப்புளி போட்டு மினுக்கிறனீங்கள்தானே, அதை விடக் காரம். சும்மா வயித்தை அது ஒண்டும் செய்யாது, உள்ளுக்கை ஒரு பூச்சு இருக்கு. புண் வந்தால்தான் சுடும். வெட்டுக்காயத்திலை தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கோ. இந்தக் குளிசை புளியை ஊற விடாது. புளி இல்லாட்டில் புண் தானே ஆறும். விடிய ஒண்டு, படுக்கேக்கை ஒண்டு. எரிவு மூண்டு நாளிலை நிக்கும். புண் ஆற ரெண்டு மாசம் செல்லும். எரிவு நிண்டிட்டுது எண்டு குளிசையை விட்டிடாதேங்கோ."

குளிசையோடு வெள்ளைத் தண்ணி மருந்து ஒரு போத்தலும் தந்தார்கள். அது ஊறின புளியை அடக்குவது. குளிசை புளியை ஊறாமலே செய்வது. தண்ணி மருந்து சுண்ணாம்பு ருசி, குடித்தால் வாய் வறளும், வெளிக்குப் போவதும் இறுகும். இரத்தம் ஊறுவதற்கு இரும்புக் குளிசையும் தந்தார்கள். அதைப் போட்டால் வெளிக்குக் கொஞ்சம் கறுப்பாகத்தான் போகும், பயப்பட வேண்டாம் என்றார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

மிஸ்ஸி சொன்னபடி மூன்று நாளில் எரிவு நின்றது. ஒரு மாதத்துக்குப் பிறகு புளியை ஊறவிடாத அந்த அமிலக் குளிசையை நான் நிறுத்தினேன். வீசவில்லை. ஒரு பால்மா டின்னில் சேர்த்து வைத்தேன். கிளினிக்குக்குப் போய்க் குளிசை வாங்கி வந்து, அதையும் டின்னில் போட்டேன். மருந்து எப்போது வரும், எப்போது வராது என்று தெரியாத காலம். ஆனால் நான் சேர்த்தது அதற்காக அல்ல, ஆனி மாதத் திருவிழாவுக்காக. இந்தக் குளிசையைப் போட்டால் வயிறு எரியாது. வயிறு எரியாவிட்டால் முழங்கால் குளிசை போடலாம். முழங்கால் குளிசை போட்டால் அடியழிக்கலாம். என் கணக்கு அவ்வளவுதான். ஆறாத புண்ணுக்கு மேல் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன் என்று அப்போது தெரியாது.

பங்குனியில் பரமேஸ்வரி அடுப்படியில் என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"மச்சாள், ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ. சுகந்திக்கு நாள் தள்ளிப் போகுது."

"ஓ" என்றேன். பானையின் மூடியைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் வேகவில்லை.

திருவிழா தொடங்கும்போது சுகந்திக்கு மூன்றாம் மாதம் தாண்டி நாலாவது நடந்தது. இனி நான் எப்படி விடுவது? கொடியேற்றத்துக்கு முதல் நாள் பரமேஸ்வரி சொன்னாள்: "இந்த வருஷம் விடுங்கோவன் மச்சாள். ரத்தம் ஏத்தி வந்த உடம்பு. அம்மன் கோவிக்க மாட்டா." நான் பூக்களை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

விடிய டின்னிலிருந்து ஓர் அமிலக் குளிசை. அரை மணித்தியாலம் கழித்து முழங்கால் குளிசை இரண்டு. மத்தியானம் திரும்ப இரண்டு. பின்னேரம் மூன்று மணிக்குத்தான் சோறு. எரிவே இல்லை. அம்மன் கண் திறந்துவிட்டா என்று நினைத்தேன். ஆறாம் நாள் வெளிக்குக் கறுப்பாகப் போனது. இரும்புக் குளிசை என்று நினைத்தேன். தார் மாதிரிப் பிசுபிசுத்தது. கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையை நான் ஒழுங்காகப் போடவே இல்லை. ஆனாலும் இரும்புக் குளிசை என்றுதான் நினைத்தேன். மனிதருக்கு நினைக்க விருப்பமானதைத்தான் நினைக்க வரும். எட்டாம் திருவிழாவையும் முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சோற்றில் கை வைத்தபோது ஓங்காளித்துச் சத்தி வந்தது. கோப்பி மண்டி மாதிரிக் கறுப்பு. பிறகு சிவப்பு.

இந்தத் தரமும் தம்பி என்னைச் சால்வையால் கட்டி உழக்கினான். பரமேஸ்வரி மற்றச் சைக்கிளில் பின்னால் வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் குருநகரைச் சேர்ந்த திரேசம்மா என்ற மனுசி. மீன் விற்கிறவ. அவவின் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவவே சொன்னா.

"என்ன பாக்கிறியள்? எனக்கு வயித்தின்ரை வாய் பூட்டாதாம். படுத்தால் புளி மேலை வந்து நெஞ்சைச் சுடும். அதுதான் தலையை உசத்தி விட்டிருக்கினம். வீட்டு மனுசன் சொல்லுறார், உன்ரை வெளிவாய்தான் பூட்டாது எண்டு பாத்தன், உள்வாயும் அப்பிடித்தானோ எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு நொந்தது.

"உங்களுக்கு ரெண்டு வாயும் நல்ல பூட்டுப் போல" என்றா. "வந்த நேரம் தொடக்கம் ஒரு கதை இல்லை. எங்கடை கோயில்லை எண்டால் உங்களை மாதா சுரூபம் எண்டு தூக்கி வைச்சிருப்பினம்."

ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவவுக்குப் பிடிக்காது. தூள் போடாத கறியைக் கிளறிக்கிளறிப் பார்ப்பா. "உப்புத் தண்ணிக்கை மீன் செத்துப் போன மாதிரி இருக்கு" என்பா. ஆனால் குளிசையை மட்டும் நேரம் தவறாமல் போடுவா. ஒரு நாள் தவறினால் என்ன நடக்கும் என்று அவவுக்குத் தெரியும். எரிவு வந்து நெஞ்சுக்குள்ளேயே மணி அடிக்கும்.

காலையில் வேறொரு டொக்டர் வந்தார். இவர் வெட்டுகிற டொக்டர், வயதானவர். பழைய படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். சுற்றிவர நின்றவர்களுக்குச் சொன்னார், எனக்கும் கேட்டது.

"ஆறு மாசமா நல்ல மருந்து குடுத்தும் திரும்ப இரத்தம் போகுது. குளிசைக்குக் கேக்காத புண். வெட்டித்தான் பாக்கோணும். வயித்திலை ஒரு பங்கு எடுத்தால் புளி ஊறுறதும் குறையும்."

பிறகு என்னைப் பார்த்தார். "வேறை ஏதும் குளிசை போடுறனீங்களோ அம்மா?"

"இல்லை."

"மூண்டு போத்தல் இரத்தம் வேணும்" என்று தம்பியிடம் சொன்னார். "மயக்க மருந்தும் கொஞ்சந்தான் கிடக்கு. வயது போன உடம்பு. எல்லாத்தையும் யோசிச்சுச் சொல்லுங்கோ. ஆனால் கெதியாச் சொல்லுங்கோ."

அன்று ஒன்பதாம் திருவிழா, தேர். அதைத்தான் நான் யோசித்துக்கொண்டு கிடந்தேன். எட்டு நாள் செய்து ஒன்பதாம் நாள் விட்டால் அது என்ன கணக்கில் சேரும்? ஒன்பது மணியளவில் சுகந்தி வந்தாள். மானிப்பாயிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய புருஷன், கரவெட்டியிலிருந்து இரவோடிரவாகச் சைக்கிளில் வந்தவர், உதடு காய்ந்துபோய் நின்றார். தம்பி தந்தால் ஒரு போத்தல், மருமகனும் தந்தால் இரண்டு. மூன்றாவதுக்கு ஆள் தேட வேண்டும் என்று அவர்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது சுகந்தி மிஸ்ஸிக்கு முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"என்ரையை எடுங்கோ மிஸ்ஸி. மாமியின்ரையும் என்ரையும் ஒரே இரத்தந்தான். சின்னனிலை பள்ளிக்கூடத்திலை பாத்தவை."

முன்னம் என்னைக் கேட்ட அதே மிஸ்ஸிதான். அவளை மேலும் கீழும் பார்த்தா. "பிள்ளை, உமக்கு எத்தினையாம் மாசம்?"

சுகந்தி நீட்டின கையை எடுக்கவில்லை.

"கேக்கிறன்."

"நாலு."

"விசரே உமக்கு? போய் அந்த வாங்கிலை இரும்."

"அப்ப மாமிக்கு ஆர் குடுக்கிறது?" என்று சுகந்தி சத்தம் போட்டாள். வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "என்னை வளத்தது அவா. எனக்கு ரெண்டு தரம் உடுப்புத் தோய்ச்சது அவா. என்ரை அம்மாவுக்கே கை நடுங்கினது, அவாவுக்கு நடுங்கேல்லை. எடுங்கோ எண்டு சொல்லுறன்."

திரேசம்மா தன் கட்டிலில் எழும்பி இருந்தா.

எந்தப் பிள்ளை தங்க வேண்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தேனோ, அந்தப் பிள்ளை வயிற்றில் இருக்கவே அவள் எனக்கு இரத்தம் தரக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். இதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. மிஸ்ஸி என் கட்டிலைக் கடந்து போனபோது அவவின் சட்டையைப் பிடித்தேன்.

"மிஸ்ஸி. குளிசை போடுறனான்."

"என்ன குளிசை?"

"முழங்காலுக்கு. கடையிலை விக்கிற வெள்ளை."

"எப்ப தொடக்கம்?"

"போன வருஷத் திருவிழா தொடக்கம்."

மிஸ்ஸிமார் கட்டிலில் இருப்பதில்லை. அவ என் கட்டிலில் இருந்தா. "எத்தினை தரம் கேட்டனாங்கள் ஆச்சி?"

"ரெண்டு தரம்."

"ரெண்டு தரமும் இல்லையெண்டனீங்கள்."

"ஓம்."

"அது அஸ்பிரின் ஆச்சி. உள்ளுக்கை ஒரு பூச்சு இருக்கெண்டு சொன்னனான்தானே? அந்தப் பூச்சை உரிக்கிறதே அதுதான். அதுகும் வெறும் வயித்திலை. நாங்கள் ஒரு பக்கத்தாலை புண்ணை மூட, நீங்கள் மற்றப் பக்கத்தாலை கிண்டியிருக்கிறியள். எரிவு தெரியாமல் இருந்தது எங்கடை குளிசையாலை. ஏன் போட்டனீங்கள், அவ்வளவு நோவே?"

சொன்னேன். அடியழிப்பு, ஒரு நேரச் சாப்பாடு, மூன்று வருஷம், டின்னில் சேர்த்த குளிசை எல்லாம். யாருக்காக என்றும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான். சொல்லி முடித்து நிமிர்ந்தபோது, கால்மாட்டில் பரமேஸ்வரி கஞ்சிப் போத்தலோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. போத்தலை மேசையில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் வாட்டை விட்டுப் போனாள்.

கோபம் என்று நினைத்தேன். அவளுடைய மகளுக்கு வைத்த நேர்த்தியை அவளுக்கு முன்னாலேயே சொல்லி உடைத்துவிட்டேன். கோபிக்காமல் என்ன செய்வாள்?

வெட்டுகிற டொக்டர் பதினொரு மணிக்குத் திரும்ப வந்தார். மிஸ்ஸி அவருக்கு எல்லாம் சொல்லியிருக்கிறா. கட்டிலடியில் வந்து நின்றார்.

"அப்ப இது குளிசைக்குக் கேக்காத புண் இல்லை. குளிசைக்கு நீங்கள் இடம் குடுக்கேல்லை. இரத்தம் நிண்டால் வெட்டுறதை விடுவம். ரெண்டு மாசம் ஒரு நாளும் விடாமல் போடோணும். மற்றதைக் கையாலையும் தொடக்கூடாது. நோவுக்கு வேறை தாறன், வயித்தைச் சுடாதது. ஆனால் அது அவ்வளவாக் கேக்காது, இப்பவே சொல்லிப் போட்டன். திரும்ப இரத்தம் போனால் உங்களை ஒண்டும் கேக்க மாட்டன். வெட்டுவன்."

அன்று பகல் முழுக்கப் பெரிய ஊசியால் மருந்து போட்டார்கள். மருமகனின் இரத்தம் ஏறியது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் உள்ளதை இழுத்துப் பார்த்தார்கள். பின்னேரம் கறுப்பு, விடிய மண்ணிறம், மத்தியானம் தெளிந்த தண்ணீர். எனக்குக் கிணற்றடித் தண்ணீர் ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் நாலு மணிக்குப் பார்க்க வருகிறவர்களை விட்டபோது பரமேஸ்வரி வந்தாள். நொண்டி நொண்டி வந்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கதிரையில் இருந்தாள். நெற்றியில் திருநீற்றுக்கு மேலே மண் அப்பியிருந்தது. கழுவவில்லை.

"தேரும் முடிஞ்சுது. தீர்த்தமும் முடிஞ்சுது" என்றாள்.

நான் அவளுடைய நெற்றியையே பார்த்தேன்.

"என்ன பாக்கிறியள்? நேற்று ஓடிப் போனது அதுக்குத்தான். சந்தியிலை பஸ் இல்லை, ஒரு லொறியிலை ஏறிப் போய்ச் சேரத் தேர் வெளிக்கிட்டுட்டுது. குளிக்கவும் இல்லை. கிணத்திலை ரெண்டு வாளியை ஊத்திக்கொண்டு ஈரச் சீலையோடை விழுந்தன். ஐயோ மச்சாள், என்னெண்டு பத்து நாள் செய்தனீங்கள்? எனக்கு ரெண்டு நாளிலை இடுப்பு விட்டுட்டுது."

"நான் சொல்லிப் போட்டன். பலிக்காது."

"நீங்கள் ஆஸ்பத்திரியிலை சொன்னது அம்மனுக்குக் கேக்குமே? அவ தேரிலை இருந்தவ." கஞ்சிப் போத்தலைத் திறந்து மூடியில் வார்த்தாள். "அதோடை, நீங்கள் மட்டுமோ நேருவியள்? அவள் என்ரை வயித்திலை பிறந்தவள். வாற வருஷம் என்ரை முறை. குடியுங்கோ."

திரேசம்மா அந்தப் பக்கத்திலிருந்து சொன்னா: "உங்கடை மச்சாளுக்கும் பூட்டுத்தான் போல எண்டு நினைச்சன். இது பறுவாயில்லை."

பதினாலாம் நாள் வீட்டுக்கு வந்தேன். பரமேஸ்வரி பால்மா டின்னைத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். விடிய ஒன்று, படுக்கும் முன் ஒன்று, தானே எடுத்து என் உள்ளங்கையில் வைப்பாள். விழுங்கும் வரைக்கும் நிற்பாள். "வாயைத் திறவுங்கோ பாப்பம்" என்று கூட ஒரு நாள் சொன்னாள். இடையில் கப்பல் வராமல் மூன்று கிழமை குளிசை இல்லாமல் போனபோது, தம்பி ஊர் ஊராக உழக்கிப் பன்னிரண்டு குளிசை கொண்டுவந்தான். மற்ற நாட்களில் வெள்ளைத் தண்ணி மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் விட்டுக் குடித்துச் சமாளித்தேன். மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் அந்தக் கொத்தமல்லி இல்லை. மார்கழியில் சுகந்திக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நிறை மாதம், நல்ல அழுகை.

இதை வாசிக்கிறவர்களில் வயிற்றெரிவுக்காரர் இருப்பீர்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சந்தான். எரிவு நின்றதென்றால் புண் ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அமிலக் குளிசை கள்ளத்துக்குக் காவல் நிற்கிற சாமான் அல்ல. கால் நோக் குளிசை போடுகிறீர்களா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கறுப்பாகப் போனால், வெட்கமாக இருந்தாலும், ஒரு பெண்ணிடமாவது சொல்லுங்கள். எனக்கு இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் வருஷத் திருவிழா வந்தது. பரமேஸ்வரி பத்து நாளும் அடியழித்தாள். நான் வீட்டில் இருந்தேன். வேளைக்குச் சாப்பிட்டேன். தேரன்று மட்டும் பொறுக்க முடியாமல் போனேன். அவளுக்குப் பின்னால், அவள் வைக்கிற அடிக்கு நானும் ஓரடி வைத்து நடந்தேன்.

நான் ஒரு விஷயத்தை யோசிக்காமல் போய்விட்டேன். எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் விழுவார்கள். விழுந்ததும் வீதி முழுக்க முதுகுகள்தான். அதற்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் நட்ட மரம் மாதிரி நின்றேன். தேர் இழுக்கிற ஆண்கள், மதிலோரத்தில் நின்ற சனம், எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அம்மனுக்கு முன்னால் விழாமல் நிற்கிற இவள் யார் என்று கேட்பார்கள். எனக்கு முகம் எரிந்தது. முழங்கால் தானாக மடியத் தொடங்கியது. சந்திக் கடை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள்தானே என்று மனம் சொன்னது.

பரமேஸ்வரி நெற்றியை மண்ணில் வைத்தபடி, திரும்பாமல் சொன்னாள்:

"நில்லுங்கோ மச்சாள்."

அவள் எழும்பி அடுத்த அடி வைக்கும் மட்டும் நின்றேன். பிறகு நானும் ஓரடி வைத்தேன். எல்லாரும் திரும்ப விழுந்தார்கள். நான் திரும்பவும் நின்றேன்.